ஒன்பதாவது வளைவில் ஏற்றிய சூடம்

“டீச்சர், என் வண்டிய ஒம்பதாவது வளைவுல யாரோ புடிச்சு நிறுத்துறாங்க.”

திருமூர்த்தி இதைச் சொன்னபோது ஷெட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே, தன் பழைய பெட்ரோல் ஜீப்பின் மட்கார்டில் ஒரு கையை வைத்தபடி நின்றார். வயது ஐம்பத்தாறு. முப்பது வருஷமாக மலை ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர்.

டீச்சருக்கு முப்பத்து நாலு வயதுதான். பெயர் குணசுந்தரி. தொழிற்பள்ளியில் எஞ்சின் பாடம் நடத்தியவர், பிறகு மலையடிவாரத்தில் சொந்தமாக ஷெட் போட்டுக்கொண்டார். ஷெட் போட்டு எட்டு வருஷம் ஆகியும் ஊருக்கு அவர் டீச்சர்தான்.

“யாருங்ணா நிறுத்துறது?”

“என் சம்சாரம்.”

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“அவங்க எங்க இருக்காங்க?”

“செத்து நாலு வருஷம் ஆச்சுங்க.”

*

நடந்தது இதுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாள். மத்தியானம். திருமூர்த்தியின் மனைவி தெய்வானைக்கு நெஞ்சு வலி. பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு மேலே, இருபத்து மூன்று வளைவு தாண்டி. ஜீப்பில் படுக்க வைத்து ஏறினார். ஒன்பதாவது வளைவில் எஞ்சின் நின்றது. மறுபடி கிளம்பவே இல்லை. வேறொரு வண்டி வந்து சேர்வதற்குள் தெய்வானையின் கை ஆறிப்போயிருந்தது.

பெட்ரோல் டேங்கில் தண்ணீர் இருந்தது என்று அப்புறம் மெக்கானிக் சொன்னான்.

“மழைத்தண்ணி மூடி வழியா எறங்கிருச்சுங்க” என்றார் திருமூர்த்தி. “அன்னைக்கிலிருந்து மூடிய சும்மா விடறதில்ல. பாருங்க.”

காட்டினார். ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே, வெளிப்பக்கம், டேங்கின் மூடி. அதன் மேல் கெட்டிப் பாலிதீன். பாலிதீன் மேல் சைக்கிள் டியூபை வெட்டி மூன்று சுற்று. சுற்றின் மேல் முடிச்சு.

“கட்டுன பிறகு ஒரு சொட்டுத் தண்ணி போனதில்லைங்க. ஆனா நிக்குது. அதே வளைவுல. மேல ஏறும்போது மட்டும்.”

“என்னென்ன மாத்துனீங்க?”

“பிளக்கு, பாயிண்ட்டு, காயிலு, பெட்ரோல் பம்ப்பு, ரெண்டு தடவ கார்ப்பரேட்டரு, பேட்டரி.”

“எல்லாத்தையும் ஒண்ணாவா?”

“பயம்ங்க. ஒண்ணொண்ணா மாத்துறதுக்குப் பொறுமை எங்க இருக்குது.”

“டிரைவர்?”

“அது மட்டும் பழசுங்க.”

டீச்சர் சிரித்தார். திருமூர்த்தி சிரிக்கவில்லை.

“என் பொண்ணு சுகந்திக்கு மாசம் நெறஞ்சிருச்சு டீச்சர். இன்னும் பத்து நாள். மாப்பிள்ளை கப்பல்ல இருக்குறாரு. ஆம்புலன்ஸ் மேல ஆஸ்பத்திரியில நிக்குது. கூப்பிட்டா எறங்கி வந்து திரும்ப ஏறறதுக்கு ரெண்டு மணி நேரம். எங்க ஊருக்கு வண்டின்னா இது ஒண்ணுதான். ஒம்பதாவது வளைவுல பலா பழுத்துருக்குது. யானை நிக்குது. போன வாரம் ஒரு பைக்க மிதிச்சுத் தகரமாக்கிருச்சு. எட்டாவது வளைவுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல நிக்கவே கூடாதுன்னு பாரஸ்ட்காரங்க போர்டு வெச்சுட்டாங்க.”

மூச்சு வாங்கினார்.

“சரி பண்ணிக் குடுங்க.”

“பண்ண மாட்டேன்.”

திருமூர்த்தியின் கை மட்கார்டிலிருந்து நழுவியது.

“நான் பண்ணுனா தைரியம் எனக்குத்தான் வரும்” என்றார் டீச்சர். “வளைவுல நிக்கப்போறது நீங்க. கத்துக்கறதா இருந்தா நாளைக்குக் காலையில வாங்க. பழைய சட்டை போட்டுட்டு வாங்க.”

*

மறுநாள் வந்தார்.

“நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வைங்க.”

கழற்ற முடியவில்லை. ஸ்பானரைப் போட்டுத் தொங்கினார். அசையவில்லை.

“யார் முறுக்குனது?”

“நான்தாங்க. மெக்கானிக் போட்டதுக்கு மேல ஒரு சுத்து. கழண்டு விழுந்துட்டா?”

டீச்சர் சக்கரத்து நட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆயில் வடிக்கிற போல்ட்டைப் பார்த்தார். மரை தேய்ந்திருந்தது. சீட்டுக்கடியில் இருந்த டூல்ஸ் பெட்டியில் இரண்டு பூட்டு தொங்கியது.

“எதையுமே ஒரு சுத்து கூடத்தான் முறுக்குறீங்க.”

“பயம்ங்க.”

ஒருவழியாகப் பிளக்குகள் வந்தன. நான்கின் முனையும் ஒரே நிறம். டீக்கடை பிஸ்கட் நிறம்.

“இது என்னத்தச் சொல்லுது?”

“தெரியாதுங்க.”

“கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தல. இப்படி இருந்தா உடம்பு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்.”

“நல்லா இருந்தா ஏன் நிக்குது?”

“என்னையக் கேட்டா?”

“பின்ன யாரக் கேக்கறது?”

டீச்சர் எஞ்சினைக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

*

இரண்டாம் நாள், தீப்பொறிக்கான பாயிண்ட்டின் இடைவெளியைச் சரிபார்க்கக் கற்றார். மெல்லிய தகடு ஒன்றை நடுவில் விட்டு, அது உரசியும் உரசாமலும் வெளியே வரவேண்டும். திருமூர்த்தி வைத்த இடைவெளியில் தகடு மாட்டிக்கொண்டது.

“இறுக்கிட்டீங்க. கொஞ்சம் விடுங்க.”

மூன்றாம் நாள் கார்புரேட்டரில் காற்றுக்கான திருகு. உள்ளே திருகினால் எஞ்சின் திணறியது. வெளியே திருகினால் தள்ளாடியது. நடுவில் ஓரிடத்தில் குரல் நிமிர்ந்தது. அந்த இடம் கிடைக்கும்வரை திருகச் சொன்னார் டீச்சர்.

திருமூர்த்தி பதினோரு தடவை தவறவிட்டார். பதினோரு தடவையும் உள்பக்கம்தான் தவறினார்.

பன்னிரண்டாவது தடவை கிடைத்தது. ஜீப் பாட ஆரம்பித்த மாதிரி இருந்தது. முப்பது வருஷத்தில் அந்தச் சத்தத்தை அவர் கேட்டதில்லை.

“சரியாயிருச்சுங்களா டீச்சர்?”

“இங்க என்னைக்கு நின்னுச்சு?”

*

அன்று சாயங்காலம் டீச்சர் கேட்டார்.

“வளைவுல நிக்குது. அப்புறம் எப்படிக் கிளம்புது?”

“சூடம் ஏத்துவேங்க. கிளம்பிரும்.”

“சூடம் ஏத்துனா எஞ்சின் ஓடுமா?”

“ஓடுதுங்களே. நாலு வருஷமா ஒரு தடவ கூடத் தப்புனதில்ல.”

“சூடத்துக்கு முந்தி என்ன பண்ணுவீங்க?”

“கும்புடுவேன்.”

“அதுக்கு முந்தி?”

“அழுவேங்க.”

“அதுக்கும் முந்தி?”

திருமூர்த்தி யோசித்தார். அது அவர் கை தன்பாட்டுக்குச் செய்கிற வேலை. மனசில் ஏறியிருக்கவில்லை.

“தண்ணி போயிருச்சான்னு கட்ட அவுத்து மூடியத் தொறந்து மோந்து பாப்பேன். பெட்ரோல் வாசம்தான் வரும். மறுபடி கட்டிருவேன்.”

டீச்சர் எட்டி அந்த மூடியைப் பார்த்தார்.

“தொறக்கும்போது ஒரு சத்தம் வருங்க” என்றார் திருமூர்த்தி, தணிந்த குரலில். “பெருமூச்சு மாதிரி. அவளேதான். சாகுறப்பவும் அப்படித்தான் ஒரு பெருமூச்சு விட்டா. என் மடியில.”

வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

“சுகந்தியும் ஒருநாள் அந்தச் சத்தத்தக் கேட்டிருக்குது. அம்மாவாப்பான்னு கேட்டுச்சு. ஆமா கண்ணுன்னு சொன்னேன்.”

*

நான்காம் நாள்.

“தனியா மேல போயிட்டு வாங்க” என்றார் டீச்சர்.

“நீங்க?”

“நீங்க மட்டும்.”

எப்போதும்போல அடிவாரத்துப் பங்க்கில் டேங்க் நிரம்பி வழிகிற அளவுக்குப் பெட்ரோல் போட்டார். பாதியில் தீர்ந்துவிடுமோ என்ற பயம். போட்டதும் மூடினார். பாலிதீன். டியூப் மூன்று சுற்று. முடிச்சு. இழுத்துப் பார்த்தார். இன்னொரு முடிச்சு.

ஒன்று, இரண்டு, மூன்று. எஞ்சின் பாடிக்கொண்டே ஏறியது. ஐந்து, ஆறு. திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. ஏழு. எட்டு.

எட்டாவது வளைவிலேயே பலாப்பழ வாசம் வந்துவிட்டது.

ஒன்பதில் எஞ்சின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை. நின்றது.

பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். காலை பத்து மணி. வெயில் நன்றாகவே அடித்தது. பயத்துக்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? வெயிலிலும் அது வந்தது. பின்கழுத்தில் வந்து நின்றது.

மேட்டில் ஒரு கிளை முறிந்தது.

இறங்கினார். முடிச்சை அவிழ்த்தார். நகம் பெயர்ந்தது. மூடி திறந்தது.

பெருமூச்சு.

“தெய்வானை, என்னைய விட்ரு” என்றார். “சுகந்தியவாவது விட்ரு.”

மோந்தார். மூடினார். கட்டினார். சூடம் ஏற்றினார். தீக்குச்சி மூன்று வீணானது. ஏறி சாவியைத் திருகினார். நாலைந்து திருகலில் ஜீப் கிளம்பியது.

ஷெட்டுக்குத் திரும்பி வந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

“முடியாதுங்க டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் வண்டிக்கு. அவளுக்கு இல்ல.”

“நாளைக்கு நானும் வரேன்” என்றார் டீச்சர்.

*

ஐந்தாம் நாள் டீச்சர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிப்பை.

பங்க்கில் டேங்க் நிரப்பி, கட்டி, கிளம்பினார்கள். நாலாவது வளைவில் டீச்சர், “நிறுத்துங்க” என்றார்.

“இங்கயா? இங்க எதுக்குங்க?”

“மூடியத் தொறந்து, பெட்ரோல் எவ்வளவு இருக்குதுன்னு குச்சி விட்டுப் பாருங்க.”

“இப்பத்தானே போட்டோம்!”

“பாருங்க.”

திறந்தார். குச்சி விட்டார். ஒரு விரற்கடை குறைந்திருந்தது. மூடினார். மூன்று சுற்று, இரண்டு முடிச்சு. ஏறினார்கள்.

எட்டாவது வளைவில் திருமூர்த்தி கண்ணை மூடப் போனார்.

“ரோட்டப் பாருங்கண்ணா. எனக்கும் குழந்தைங்க இருக்குது.”

ஒன்பது வந்தது. பலா மரத்தடியில் இரண்டு யானை. பெரியது ஒன்று, குட்டி ஒன்று. பெரியது காதை விரித்தது. ஜீப் இருமவில்லை. தடுமாறவில்லை. கடந்தது.

பத்து.

திருமூர்த்தி அழுதுகொண்டே ஓட்டினார். “விட்டுட்டா டீச்சர். மன்னிச்சுட்டா. பாத்தீங்களா? நேத்து கேட்டேன், சுகந்தியவாவது விட்ருன்னு. விட்டுட்டா.”

பதினொன்று. பன்னிரண்டு.

பதின்மூன்றாவது வளைவில் எஞ்சின் இருமியது. நின்றது.

ஒரு பறவை கூடக் கத்தவில்லை.

திருமூர்த்தி திரும்பி டீச்சரைப் பார்த்தார்.

“எந்திரிச்சுட்டா” என்றார். “இவ்வளவு நாள் ஒரே எடத்துல நின்னுட்டு இருந்தா. இப்ப கூடவே வர்றா.”

*

இறங்கி மூடியை நோக்கி ஓடினார்.

“தொறக்காதீங்க” என்றார் டீச்சர்.

“சூடம்…”

“சூடமும் வேண்டாம். முதல்ல எஞ்சினுக்கு ஆயில் ஊத்துங்க. கொஞ்சம் குறையுது.”

பையிலிருந்து ஆயில் டின்னை எடுத்து நீட்டினார். புது டின். மேல் தகட்டில் ஆணியால் ஒரு ஓட்டை மட்டும் போட்டிருந்தது.

திருமூர்த்திக்குக் கோபம் வந்தது. பயந்தவனின் கோபம். “பொணம் பின்னாடி வருதுங்கறேன், நீங்க ஆயில் ஊத்துங்கறீங்க!”

“ஊத்துங்ணா.”

பானட்டைத் தூக்கி டின்னைக் கவிழ்த்தார். ஆயில் ஒரு நூலாக விழுந்தது. நூல் இழையாச்சு. இழை சொட்டாச்சு. அப்புறம் அதுவும் இல்லை. டின் கனமாகத்தான் இருந்தது. குலுக்கினார். ஒரு சொட்டு. நின்றது.

“இது எப்படிங்க வரும்? யாரு ஓட்டை போட்டது?”

“நான்தான்.”

“டீச்சர்னு பேரு! ஆணி இருக்குதுங்களா?”

டீச்சர் ஆணியைக் கொடுத்தார். திருமூர்த்தி ரோட்டோரக் கல் ஒன்றை எடுத்தார். டின்னை மட்கார்டில் வைத்து, முதல் ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் ஆணியை நிறுத்தி ஒரே அடி.

“எதுக்கு இன்னொன்னு?” என்றார் டீச்சர். “ஆயில் ஒரு ஓட்டையிலதானே வருது?”

“காத்துப் போகவேண்டாங்களா உள்ள? காத்துப் போனாத்தானே ஆயில் வெளிய வரும். இது எங்க வீட்டுப் பக்கம் எண்ணெய் வாங்கப் போற புள்ளைக்குக்கூட…”

நிறுத்திவிட்டார்.

ஆயில் தடையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. பளபளவென்று, விரல் மொத்தத்தில்.

திருமூர்த்தி டின்னைப் பார்த்தார். மெதுவாகத் தலையைத் திருப்பி, சீட்டுக்குக் கீழே பார்த்தார். மூடி. பாலிதீன். மூன்று சுற்று.

“போதும், போதும். வழியுது” என்றார் டீச்சர்.

டின்னைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் குந்தினார். பாலிதீன் மூடியோடு மூடியாக ஒட்டிக் கிடந்தது. உள்பக்கம் யாரோ வாய் வைத்து உறிஞ்சுகிற மாதிரி.

அவிழ்த்தார். மூடியின் நடுவில், அழுக்குக்கு அடியில், ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. வண்டி செய்தவன் வைத்தது. நாலு வருஷமாகத் தினம் தொட்ட மூடி. பார்த்ததில்லை.

மூடியைத் திருகினார். பெருமூச்சு வந்தது.

இந்தத் தடவை அவர் காதைப் பக்கத்தில் வைத்திருந்தார்.

பெருமூச்சு வெளியே வரவில்லை. உள்ளே போனது.

*

இறங்கி ஷெட்டுக்கு வந்ததும் திருமூர்த்தி கேட்டார்.

“மொத நாளே தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு.”

“சந்தேகம் இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா?”

“அங்கயே அவுத்துப் போட்டிருப்பேன்.”

“மழை வந்தா?”

திருமூர்த்தி டியூபையும் பாலிதீனையும் சுருட்டி நீட்டினார்.

“இத நீங்களே வெச்சுக்கங்க. இல்லாட்டி எரிச்சுருங்க.”

“எனக்கெதுக்கு? அது உங்களோடது.” டீச்சர் வாங்கவில்லை. ஆணியை மட்டும் அவர் சட்டைப் பையில் போட்டார். “இது என்னோடது. பத்திரம்.”

திருமூர்த்தி படியிறங்கப் போனார்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“கட்டறதுக்கு முந்தி அந்த மூடியோட எத்தனை வருஷம் ஓட்டுனீங்க?”

“இருபத்தாறு வருஷம்.”

“இருபத்தாறு வருஷமும் மழை பெய்யலையா?”

திருமூர்த்தி நின்றார்.

“அந்த ஓட்டைக்கு உள்ள ஒரு தகட்டு மறைப்பு இருக்குது. மழை அடிச்சாலும் அது வழியா ஒரு சொட்டு எறங்கறதே கஷ்டம். எஞ்சின் நின்னு போற அளவுக்குத் தண்ணி…” டீச்சர் குரலை உயர்த்தவில்லை. “அன்னைக்குப் பெட்ரோல் எங்க போட்டீங்கண்ணா?”

“நேரமாச்சுங்க” என்றார் திருமூர்த்தி. “சுகந்தி தனியா இருக்கும்.”

ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டியூபும் பாலிதீனும் சீட்டுக்கடியில் கிடந்தன.

*

திருமூர்த்தி வீட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கேன் கிடக்கிறது. அதை யாரும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது. சுகந்தி ஒருநாள் அதில் செடிக்குத் தண்ணீர் மொள்ளப் போய் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

அந்த மழை நாளில் பங்க் பூட்டியிருந்தது. ஜீப்பில் பெட்ரோல் இல்லை. அவசரத்துக்கு என்று வைத்திருந்த கேனை எடுத்து ஊற்றினார். கேன் வாசலில், மழையில், மூடி சரியாகப் போடாமல் இருந்தது. எடுத்தபோதே கனம் அதிகமாகத் தெரிந்தது. ஊற்றினார்.

இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. தனக்கும்கூட.

அன்றைக்கு வீடு திரும்பி, கொல்லைப்பக்கம் போய்க் கேனைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டார். தாழ் விழுந்ததா என்று இரண்டு தடவை பார்த்தார்.

*

ஆறாம் நாள் விடிந்தது, மழையோடு.

“அப்பா” என்றாள் சுகந்தி. ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். மறுபடி, “அப்பா.”

பக்கத்து வீட்டு மாரக்கா ஓடி வந்தாள். கைத்தாங்கலாக ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றினார்கள். பங்க்கில் நிறுத்தி டேங்கை நிரப்பினார். விளிம்பு வரைக்கும். பங்க் கூரையைத் தாண்டி வந்ததும் மழை முகத்தில் அறைந்தது. ரோட்டில் தண்ணீர் ஓடியது. முன்சக்கரம் வாரி அடித்த சேறு சீட்டுக்குக் கீழே போய் மோதியது. மூடி இருக்கிற இடத்தில்.

மூடி இருக்கிற இடத்தில் என்று அவருக்குத் தெரிந்தது.

முதல் வளைவுக்கு முன்னால் ஜீப் நின்றது. அவர்தான் நிறுத்தினார்.

“என்னங்கண்ணா?” என்றாள் மாரக்கா.

“ஒரே நிமிசம்.”

டீச்சருக்குப் போன் போட்டார். எடுத்தார்.

“மழை டீச்சர். வலி வந்துருச்சு. கெளம்பிட்டோம்.”

“சரிங்கண்ணா.”

“ஒரே ஒரு சுத்து மட்டும் கட்டிக்கட்டுங்களா?”

மழைச் சத்தத்துக்கு நடுவே டீச்சரின் மூச்சு கேட்டது.

“பின்னாடி யாராவது இருக்காங்களா?”

“மாரக்கா இருக்குது.”

“அவங்க சுகந்திகிட்ட என்ன சொல்றாங்கன்னு கேளுங்க.”

போன் அறுந்துவிட்டது. மலையில் அப்படித்தான்.

திருமூர்த்தி காது கொடுத்தார். மழைதான் கேட்டது. எல்லாம் புரிந்த ஆள்தான். டின்னைத் தன் கையாலேயே குத்தியவர்தான். ஆனால் மழை பெய்தது. பின்சீட்டில் பெண் இருந்தாள். கை சீட்டுக்கடியில் போனது.

பாலிதீன். டியூப்.

ஒரு சுற்று என்றுதான் ஆரம்பித்தார். மூன்று ஆனது. முடிச்சு இரண்டு.

*

மூன்று. நாலு. ஐந்து.

வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

ஆறு. ஏழு. சுகந்தி கத்தினாள். எட்டு. அடைமழையிலும் பலாப்பழ வாசம் வந்தது.

ஒன்பதில் எஞ்சின் இருமியது.

“வேண்டாம்” என்றார் திருமூர்த்தி. யாரிடம் என்று அவருக்கே தெரியவில்லை. “வேண்டாம், வேண்டாம்.”

நின்றது.

சத்தம் போன பிறகுதான் மற்ற சத்தங்கள் கேட்டன. மழை. ஓடைத் தண்ணீர். மேட்டில், ஈரக் கிளை முறியாமல் கிழிகிற ஓசை. கனமாக ஒன்று மண்ணில் கால் மாற்றி வைத்தது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளை. எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் என்று மட்டும் தெரிந்தது.

கை சட்டைப் பையில் சூடம் தேடியது.

பின்னால் மாரக்காவின் குரல். கத்தவில்லை, காதோரம் சொல்கிற குரல்.

“அடக்காத கண்ணு. மூச்ச அடக்காத. பயந்தா அடைக்கும். விடு… இழு… விடு.”

சூடம் தேடிய விரலில் ஏதோ குத்தியது.

ஆணி.

கதவைத் திறந்து இறங்கினார். முழங்கால் ரோட்டுத் தண்ணீரில் பதிந்தது. மேட்டுப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சைத் தேடினார். விரல் மரத்துப் போயிருந்தது. ஈரத்தில் டியூப் இறுகிக் கல்லாகியிருந்தது. அவிழாது. அவர் போட்ட முடிச்சு அல்லவா.

பாலிதீன் மூடியோடு ஒட்டி, உள்நோக்கி இழுபட்டுக் கிடந்தது. தெய்வானையின் வாய் கடைசியில் அப்படித்தான் இருந்தது. திறந்தபடி. இழுத்தும் வராத மூச்சுக்கு.

அந்த வாய்க்கு அவர் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, எந்தத் தண்ணீர், எப்படி வந்த தண்ணீர் என்று தெரிந்தே, தெரியாதவர் போல எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கேன்லதான் இருந்துச்சு” என்றார். மூடியைப் பார்த்துத்தான் சொன்னார். “தெய்வானை, தண்ணி கேன்லதான் இருந்துச்சு. கனத்துச்சு. ஊத்துனேன்.”

ஆணியை நடுவில் வைத்து அழுத்தினார்.

பெருமூச்சு. நீளமாக, நிதானமாக, உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். இல்லை. இன்னொரு தடவை. இல்லை. மேட்டிலிருந்து மண்கட்டி ஒன்று உருண்டு பானட்டில் விழுந்தது. மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது. தடுமாறியது. நிமிர்ந்தது.

“அப்பா…” பின்சீட்டிலிருந்து சுகந்தி. குரலே வரவில்லை. “அந்தச் சத்தம். அம்மாவாப்பா?”

திருமூர்த்தி முதல் கியரைப் போட்டார்.

“இல்ல கண்ணு. நான்தான்.”